வெடிப்பொளியில் தெரியும் ஆதி வளிமம்

1. ஏரியும் ஏவுதளமும்

பழவேற்காடு ஏரியை வங்கக் கடலிலிருந்து பிரிக்கும் தீவு ஸ்ரீஹரிகோட்டா. 2015 செப்டம்பர் 28 காலை அங்கிருந்து பி.எஸ்.எல்.வி.-சி30 சுமந்து சென்ற ஆஸ்ட்ரோசாட், வானியலுக்கென்றே இந்தியா அனுப்பிய முதல் விண்வெளி ஆய்வகம். அதன் சி.இசட்.டி.ஐ. கருவி, இயங்கத் தொடங்கிய முதல் நாளே, அக்டோபர் 6-ல், ஒரு காமா கதிர் வெடிப்பைப் பதிவுசெய்தது. 2023 நவம்பரில் அந்த எண்ணிக்கை 600-ஐத் தொட்டது. இவ்வெடிப்புகளைக் கொண்டு ஆதிகால கேலக்சிகளின் வளிமத்தை எப்படி அளக்கிறார்கள், அதில் நமக்கு இன்னும் வாய்க்காதது எது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

2. அளவீட்டின் சிக்கல்

விண்மீன்களுக்கு மூலப்பொருள் ஹைட்ரஜன். தொலைதூர ஹைட்ரஜன் வெளியிடும் 21 செ.மீ. ரேடியோ அலையோ மிக மெலிது. புனேக்கு வடக்கே உள்ள ஜி.எம்.ஆர்.டி. தொலைநோக்கியில் 7,653 கேலக்சிகளின் சைகைகளை ஒன்றுகூட்டித்தான் ஆதித்ய சௌத்ரி, நிசிம் கனேகர் உள்ளிட்ட குழுவினர் சுமார் 800 கோடி ஆண்டுக்கு முந்தைய வளிமத்தை 2020-ல் மதிப்பிட்டார்கள். அதற்கும் முந்தைய காலத்துக்கு, வளிமத்தைத் துளைத்துக்கொண்டு நம்மை எட்டும் ஒளி ஒன்று தேவை. ஹைட்ரஜன் 121.6 நானோமீட்டர் ஒளியை உட்கவரும். சதுர சென்டிமீட்டருக்கு 2×10²⁰ அணுக்களுக்கு மேல் குறுக்கிட்டால் நிறமாலையில் அகன்ற பள்ளம் விழும். பள்ளத்தின் அகலமே வளிமத்தின் அளவு.

3. உள்ளிருந்து வரும் ஒளி

இப்பணிக்கு நெடுங்காலம் உதவியவை, தொலைதூரக் கேலக்சிகளின் மையத்தில் ஒளிரும் குவாசார்கள். அவற்றின் ஒளி வழியில் தற்செயலாக எதிர்ப்படும் கேலக்சியின் ஓரத்தையே பெரும்பாலும் துளைத்து வரும். காமா வெடிப்பின் ஒளியோ கேலக்சிக்கு உள்ளிருந்தே வருகிறது. மூடுபனிக்கு அப்பாலிருந்து வரும் கலங்கரை விளக்கொளிக்கும் பனிக்குள்ளேயே நிற்கும் படகின் விளக்கொளிக்கும் உள்ள வேறுபாடு இது. நீண்ட வகைக் காமா வெடிப்பு பெரும்பாலும் பெருநிறை விண்மீன் ஒன்றின் மரணம். சில பத்து லட்சம் ஆண்டுகளே வாழும் அவ்விண்மீன் பிறந்த இடத்தை விட்டு அதிகம் விலகுவதில்லை. ஆகவே வெடிப்புக்குப் பின் மெல்ல மங்கும் அதன் பின்னொளிர்வு விண்மீன்கள் பிறக்கும் அடர்ந்த பகுதியிலிருந்தே புறப்படுகிறது. இன்னொரு நன்மையும் உண்டு: ஒளி அணைந்த பிறகு, கண்ணைக் கூசவைக்க ஏதுமின்றி அந்தக் கேலக்சியையே படமெடுக்கலாம்.

2008 ஜூன் 7-ல் கண்ட வெடிப்பு இதற்குச் சிறந்த சான்று. 1,100 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பயணித்த அதன் ஒளியில், மேற்சொன்ன வரம்பைப் போல் சுமார் 250 மடங்கு ஹைட்ரஜன் பதிந்திருந்தது. கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளும் தென்பட்டன. விண்மீன் பிறக்கவிருக்கும் குளிர்மேகத்தின் நேரடித் தடயம் அது. 2005 செப்டம்பர் 4 வெடிப்பு இன்னும் தொலைவு. பேரண்டத்துக்கு 100 கோடி வயதுகூட ஆகாத காலத்தில் எழுந்தது; பேரண்ட விரிவால் ஒளியின் அலைநீளம் கூடுவதைக் குறிக்கும் செம்பெயர்ச்சி 6.3. அதனால் 121.6 நானோமீட்டர் கோடு ஏறத்தாழ 888 நானோமீட்டருக்கு நகர்ந்துவிட்டது. ஜப்பானின் சுபாரு தொலைநோக்கி மூன்று நாள் கழித்தும் அந்தப் பின்னொளிர்வைப் பிடித்தது.

4. வரம்புகள்

தூசு மிகுந்த கேலக்சிகளில் பின்னொளிர்வு பெரும்பாலும் வெளியே எட்டுவதில்லை. தூசு மிகுந்தவை பொதுவாக உலோகமும் (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்கள்) செறிந்தவை; எனவே அவை கணக்கில் குறைந்துபோகின்றன. ஒரே ஒரு பார்வைக்கோட்டைக் கொண்டு முழுக் கேலக்சியை எடைபோடுவதும் தவறு.

5. நமக்கு வாய்க்காதது

சி.இசட்.டி.ஐ. வெடிப்பைக் காணும், தூரத்தைச் சொல்லாது. அதற்கு, பின்னொளிர்வு மங்கும் முன், பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் நிறமாலை எடுக்க வேண்டும். நம்மிடம் திசை திருப்பக்கூடிய மிகப் பெரிய ஒளியியல் தொலைநோக்கி உத்தராகண்டின் தேவஸ்தலில் உள்ள 3.6 மீட்டர் கருவி. பிரகாசமான பின்னொளிர்வுகளுக்கே அது போதும். 8 முதல் 10 மீட்டர் வரையிலான ஒன்று இங்கே அவசியம் என்பது என் உறுதியான கருத்து. இங்கு நள்ளிரவாகும்போது, பெரிய தொலைநோக்கிகள் நிற்கும் ஹவாயிலும் சிலியிலும் பகல். அந்நேரத்து வெடிப்புகள் அவர்களுக்கு இருட்டும் முன்பே மங்கிவிடுகின்றன.