அச்சு

அச்சு (பெயர்ச்சொல்): வார்க்கும் கருவி, எழுத்துரு, சாயல். அச்சுவெல்லம், அச்சு அசல் ஆகிய வழக்குகள் இதிலிருந்து பிறந்தவை. சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடத்தில் கேட்டால், பாவு இழைகளை இடைவெளி பிசகாமல் நிறுத்தி, ஊடையை நெருக்கித் தட்டும் சட்டகமே அச்சு.

தெலுங்கு, கன்னடம், மலையாளத்திலும் வழங்கும் திராவிடச் சொல் இது. வண்டியின் இருசைக் குறிக்கும் அச்சு வேறு. அது வடமொழி ‘அக்ஷ’த்தின் வழி வந்தது. திருக்குறளில் மயிற்பீலிப் பாரத்தால் முறிவது அந்த அச்சு.

பிளாஸ்டிக் எக்ஸ்ட்ரூஷன் ஆலையில் ‘டை’ என்று புழங்குவதும் முதல் வகை அச்சுதான். முறுக்கு நாழியின் வில்லையைப் போல, பொருள் குழாயா, பட்டையா, இழையா என்பதை அதன் துளையே தீர்மானிக்கும். அச்சு முழுதும் சூடேறுமுன் பிளாஸ்டிக்கைத் தள்ளும் திருகைச் சுழற்றினால், உள்ளே இறுகிக் கிடக்கும் பிளாஸ்டிக் வழியை அடைக்கும். அழுத்தம் ஏறி, கொதிக்கும் குழம்பு பீறிடும். ஆகவே தேர்ந்த ஆப்பரேட்டர் இயந்திரத்தை ஓட்டத் தொடங்கும்போது அச்சுக்கு நேரெதிரே நிற்பதில்லை. வெப்பம் தாங்கும் கையுறையும் முகக்காப்பும் அணிந்து, பித்தளைக் கருவியால்தான் அச்சைச் சுரண்டுவார். எஃகு பட்டு அச்சில் விழும் கீறல், வெளிவரும் பொருள் நெடுக நீளக் கோடாகத் தெரியும்.