கூடை சட்டமான வரலாறு

குழந்தை பிறக்கும் வீட்டிற்கு வேண்டுவன யாவை? கிழித்து மடித்த பழைய வேட்டித் துணிகள், தூளி கட்ட ஒரு சேலை, போர்த்த ஒரு கம்பளி, எண்ணெய், சோப்பு. எண்ணிப் பார்த்தால் சிறு செலவே. ஆயினும் அன்றாடக் கூலியில் வாழும் குடும்பத்தில், தாய் வேலைக்குச் செல்ல இயலாத நாள்களில், அச்சிறு செலவே கடனுக்கு முதற்படியாகின்றது. கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் தூளியைப் பற்றிய பேச்சு எதற்கு என இளைஞர்கள் வினவலாம். பிள்ளையின் படிப்பை இடையில் நிறுத்தும் கடன், பல வீடுகளில் அப்பிள்ளை பிறந்த வாரத்திலேயே தொடங்கிவிடுகின்றது.

இச்செலவை யார் தாங்குவது என்னும் வினாவிற்குப் பின்லாந்து நாட்டு வரலாறு தெளிவான விடை ஒன்றைத் தருகின்றது. 1917-இல் ருசிய ஆட்சியினின்று விடுதலை பெற்று, 1918-இல் உள்நாட்டுப் போரால் பிளவுண்ட நாடு அது. 1920-இல் அங்கே மன்னர்ஹைம் குழந்தைகள் நலச் சங்கம் தோன்றியது. செவிலியர் சோபி மன்னர்ஹைம் அதன் தலைமையேற்றார். அச்சங்கம் ஏழைத் தாய்மார்க்குக் குழந்தைத் துணிகளும் விரிப்புகளும் அடங்கிய 'சுற்றுக்கூடை'களை இரவலாக அளித்தது. ஒரு வீட்டில் பயன்பட்ட கூடை அடுத்த வீட்டிற்குச் செல்லும்.

குறைந்த பொருளைக் கொண்டு பல வீடுகளைத் தொட்ட அம்முறையை எள்ளுவதற்கில்லை. எனினும் எத்தனை கூடையோ அத்தனை தாய்மார்க்கே பயன். யார் ஏழை, யார் தகுதியுடையவர் எனத் தீர்மானிக்கும் உரிமையும் கொடுப்பவர் கையிலேயே இருந்தது. இதன் பொருளை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. பிறர் உடுத்துக் கழித்ததை வாசலில் நின்று வாங்கிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம்.

1930-களில் பின்லாந்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 65 முதலாண்டிற்குள் மடிந்தன. 1937-இல் மகப்பேற்று உதவிச் சட்டம் நிறைவேறி, 1938-இல் நடைமுறைக்கு வந்தது. உதவித் தொகை 450 மார்க்கு. ஆலைத் தொழிலாளியின் மாத ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கு எனலாம். பணமாகவும் பெறலாம், பொருளாகவும் பெறலாம். கூடை சட்டமாயிற்று. ஆனால் தொடக்கத்தில் வருமானம் குறைந்தோர்க்கே கிடைத்தது. மூன்றில் இரு பங்குத் தாய்மார் அவ்வரம்பிற்குள் வந்தனர்.

1949-இல் அவ்வரம்பும் நீங்கியது. எல்லாத் தாய்மார்க்கும் உண்டு. கருவுற்ற நான்காம் திங்கள் முடிவதற்குள் மருத்துவரையோ மகப்பேற்று ஆலோசனை நிலையத்தையோ அணுகியிருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. வறுமைச் சான்று இருந்த இடத்தில் மருத்துவச் சான்று வந்தமர்ந்தது. நாம் ஊன்றி நோக்கத்தக்கது இம்மாற்றமே. ஆலை முதலாளியின் மனைவிக்கும் மரம் வெட்டுபவரின் மனைவிக்கும் ஒரே பெட்டி. ஆகவே அப்பெட்டி எவரையும் ஏழையெனக் காட்டிக் கொடுக்கவில்லை. போர்க்காலத்தில் துணி கிடைக்காதபோது விரிப்புகளைக் காகிதத்தால் செய்தேனும் அனுப்பினர். அட்டைப் பெட்டியே பல குழந்தைகளுக்கு முதற்கட்டிலாயிற்று.

இப்பெட்டி ஒன்றே குழந்தை இறப்பைக் குறைத்தது என எழுதுவோர் உளர். அது மிகை. 1944-ஆம் ஆண்டுச் சட்டம் ஊர்தோறும் ஆலோசனை நிலையங்களை அமைக்கச் செய்தது. மருத்துவமும் வாழ்க்கைத் தரமும் உயர்ந்தன. பெட்டி தாயை அந்நிலையத்தின் வாயிலுக்கு அழைத்து வந்தது.

பின்லாந்தில் கூடைகள் சுற்றிய அக்காலத்தில் நம் நாட்டிலும் இவ்வழக்கு எழுந்தது. 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மகப்பேற்று உதவி மசோதாவை ஆதரித்த டாக்டர் அம்பேத்கர், பேற்றிற்கு முன்னும் பின்னும் தாய் ஓய்வு பெறுவது நாட்டின் நலன் என்றார். அச்சுமை முதன்மையாக அரசினுடையது. எனினும் பெண்ணின் உழைப்பால் பயனடையும் முதலாளியும் அதில் பங்கேற்க வேண்டும் என்பது அவர் வாதம். 1929-இல் பம்பாயிலும், 1934-இல் சென்னை மாகாணத்திலும் சட்டங்கள் வந்தன. அவை ஆலைப் பெண்களுக்கு உரியவை. நாற்று நட்ட, களை பறித்த நம் தாய்மார் அவற்றின் எல்லைக்கு வெளியே நின்றனர்.

தமிழ்நாட்டில் 1987-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் மகப்பேறு நிதியுதவி தொடங்கியது. வயற்கூலிப் பெண்ணும் அதனைப் பெறலாயினர். 2006-இல் அது 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ரூபாயாகவும் உயர்ந்தது. அது வறியோர்க்கென வகுத்த திட்டம். 2015-இல் வந்த குழந்தை நலப் பரிசுப் பெட்டகமோ அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுக்கு உரியது. அதில் 16 பொருள்கள். பிறந்த இடமே தகுதி, வறுமை கேட்கப்படவில்லை.

ஆதலின் நம்மனைய சிறு சங்கம், குழந்தைத் துணிகளை மேடையில் வழங்கிப் படம் எடுப்பதைவிட வேறு வழியை எண்ணலாம். கருவுற்ற பெண்ணின் பெயர் கிராம சுகாதாரச் செவிலியரிடம் காலத்தே பதிவாயிற்றா, வங்கிக் கணக்கு அவர் பெயரில் உள்ளதா, தாய்வீடு சென்றபின் பதிவு தொடர்கின்றதா என்று பார்ப்பது படித்த இளைஞர் ஒருவரின் அரைநாள் வேலை. அரசுப் பணம் வந்து சேரும் வரை, ஏழாம் மாதத்தில் வட்டியில்லா முன்பணம் ஒன்றைச் சங்கம் தரலாம். கேட்கும் குடும்பம் எதுவாயினும் தரலாம். பெற்றவர் பெயர் பேரேட்டில் மட்டும் இருக்கட்டும். ஆண்டறிக்கைக்கு மொத்தத் தொகை போதும்.