சாமந்தியும் சம்பாவும்

குத்தாலத்துக் கொல்லைகளில் ஆனி, ஆடியில் நட்ட சாமந்தி மாதக்கணக்கில் இலையாகவே வளர்கிறது. எருவிட்டாலும் நீரூற்றினாலும் மொட்டு வைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பகல் குறுகியதும் அரும்பு கட்டி, மார்கழியில் மஞ்சளாய்ப் பூத்து நிற்கிறது. செடிக்குக் காலம் தெரிவது எப்படி?

இதற்கு விடை புகையிலையிலிருந்து கிடைத்தது. 'மேரிலாந்து மாமத்' என்னும் புகையிலை, கோடையில் ஆளுயரத்தையும் தாண்டி வளர்ந்தும் பூக்கவில்லை. கார்னர், அல்லார்டு என்ற அமெரிக்க அறிஞர்கள், மாலைக்கு முன்பே அதனை இருட்டறையில் வைத்துப் பகலைச் சுருக்கினர். செடி பூத்தது! 1920-இல் வெளியான இக்கண்டுபிடிப்பே 'ஒளிக்காலத்துவம்' எனப்படுகிறது. சாமந்தியும் இத்தகைய குறும்பகல் தாவரமே.

1938-இல் ஹாம்னர், பானர் ஆகியோர் மேலும் ஓர் உண்மையைக் கண்டனர். செடி உண்மையில் அளப்பது இரவின் நீளத்தையே! நள்ளிரவில் சிறிது நேரம் விளக்கேற்றினாலும் பூப்பு தடைப்படும். இதனால்தான் சாமந்தி பயிரிடுவோர், பூப்பைத் தள்ளிப்போட விளக்கையும், விரைவுபடுத்தக் கறுப்புத் துணியையும் பயன்படுத்துகின்றனர்.

அளக்கும் உறுப்பு எது? சோவியத் அறிஞர் சைலாக்கியான் 1930-களில் சாமந்தியைக் கொண்டே இதை ஆராய்ந்தார். நுனியின் இலைகளைக் கிள்ளிவிட்டு, கீழ் இலைகளுக்கு மட்டும் குறும்பகல் அளித்தார். நுனி பூத்தது. ஆகவே இலையில் உருவாகும் ஏதோ ஒரு பொருள் நுனிக்குச் செல்கிறது என முடிவு செய்து, அதற்கு 'ஃபுளோரிஜன்' எனப் பெயரிட்டார். எழுபது ஆண்டுகள் அது பிடிபடவில்லை. 2007-இல் அது ஒரு புரதம் என்று காட்டப்பட்டது. அதைக் காட்டிய செடிகளுள் ஒன்று எது தெரியுமா? நெல்!

நம் பழைய சம்பா ரகங்களும் குறும்பகல் தாவரங்களே. லண்டனில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் எட்டரை மணிக்கு மேல் வேறுபாடு. 11 பாகை அட்சரேகையிலுள்ள குத்தாலத்திலோ சுமார் ஒன்றேகால் மணிதான். அந்தச் சிறு வேறுபாட்டையும் நெல் உணர்கிறது. மேட்டூர் நீர் தாமதித்து நாற்று பிந்தினாலும், அந்தச் சம்பா தன் பருவத்திலேயே கதிர்விடும். தூர் கட்ட நாள் போதாமல் விளைச்சல் குறையும். நீண்ட பகலில் வளரும் குறுவைக்கோ, பகலைப் பாராது வயது நிரம்பியதும் கதிர்விடும் ரகம் தேவை. அருகிலுள்ள ஆடுதுறையில் 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம், 1965-இல் குறுவைக்கு ஏற்ற ஏ.டி.டி. 27-ஐ வழங்கியது.

மாணவர்களே, ஒரே நாளில் இரு சாமந்தித் தொட்டிகள் வையுங்கள். ஒன்று தெருவிளக்கின் கீழ், மற்றது இருட்டில். எது முதலில் அரும்புகிறது என்று குறித்து வாருங்கள்.