நெடுஞ்சாலையில் ஓய்வு

தில்லியிலோ நாகபுரியிலோ வாழும் தமிழர், நாமக்கல் என்றோ சங்ககிரி என்றோ தமிழில் எழுதிய லாரி ஒன்றைச் சாலையோரத்தில் கண்டால் சற்றே நின்று பார்ப்பதுண்டு. ஊர்ப்பெயரைக் கண்ட மகிழ்ச்சியில், அதை அவ்வளவு தொலைவு ஓட்டி வந்தவர் கடைசியாக எப்பொழுது உறங்கினார் என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. அக்கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு.

பழைய பெருவழிகள் மனிதனின் களைப்பைக் கணக்கிற் கொண்டே அமைந்தன. தமிழ்நாட்டு வழிகளில் தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கற்கள் நடப்பட்டன. இரவு தங்கச் சத்திரங்கள் எழுந்தன. வடநாட்டில் 1540 முதல் 1545 வரை அரசாண்ட ஷேர்ஷா, சாலை நெடுகச் சராய்கள் என்னும் தங்குமிடங்களைக் கட்டுவித்தார். மாட்டுவண்டிக் காலத்திலும் இதுவே நியதி. காளை களைத்தால் வண்டி நின்றது. வண்டி நின்றால் வண்டிக்காரனும் கண்ணயர்ந்தான்.

மோட்டார் வந்ததும் இந்நியதி குலைந்தது. இயந்திரம் களைப்பதில்லை, அதை ஓட்டும் மனிதன் களைக்கிறான். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் லாரியின் ஓட்டுநர் மூன்றே நொடி கண்ணயர்ந்தால், வண்டி 50 மீட்டர் தூரம் ஆளின்றி ஓடியதற்கு ஒப்பாகும். நள்ளிரவுக்குப் பின் விடியும் வரையில் உடல் தானாகவே உறக்கத்தை நாடுகிறது. தேநீர் அதைச் சிறிது நேரம் தள்ளி வைக்குமேயன்றி நீக்காது.

இதை உணர்ந்தே சட்டமும் தலையிட்டது. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டுநரின் வேலையை நாளொன்றுக்கு 9 மணி, வாரத்திற்கு 54 மணி என வரையறுத்தது. 1961-இல் நாடாளுமன்றம் இயற்றிய மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அதனை 8 மணி, 48 மணி எனக் குறைத்தது. நெடுந்தூரப் பயணங்களுக்கு, அனுமதியின் பேரில், 10 மணி வரை இடந்தந்தது. ஐந்து மணி வேலைக்குள் அரைமணி ஓய்வு அளித்தாக வேண்டும் என்றும், இரவு தங்க நேரும் இடங்களில் முதலாளி ஓய்வறை அமைக்க வேண்டும் என்றும் விதித்தது.

சட்டச் சொற்களைத் தமிழாக்குவதே என் தொழில். அச்சட்டத்தில் ‘வேலை நேரம்’ என்பதன் விளக்கத்தைப் படித்தபோது என் பேனா தயங்கி நின்றது. வண்டி புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் வெறுமனே காத்திருக்கும் நேரம், 15 நிமிடத்திற்குக் குறைந்தால் மட்டுமே வேலையாகும் என்றது அவ்விளக்கம். கிடங்கு வாயிலில் சரக்கை ஏற்றவோ இறக்கவோ அரைநாள் காத்திருப்பவர், இதன்படி வேலை செய்யாதவர்! அந்நேரத்தில் அவர் உறங்கவும் இயலாது. வரிசை எப்பொழுது நகரும் என்று விழித்திருக்கவே வேண்டும்.

மற்றொரு குறையும் இருந்தது. ஐந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களையே அச்சட்டம் கட்டுப்படுத்தியது. நம் நாட்டிலோ ஒன்றிரண்டு லாரிகள் மட்டுமே உடைய சிறு உரிமையாளர்கள் மிகப் பலர். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 1961-இன் நேர வரம்பைச் சரக்கு லாரி ஓட்டும் பணியாளர் அனைவர்க்கும் விரித்தது. எனினும் ஓய்வறை அவ்வாறு விரியவில்லை. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் பின்னர் 2020-இல் இயற்றப்பட்ட தொழிற் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கியது. அங்கே ஐந்து என்ற எண் பத்தாக உயர்ந்தது. தேசிய அனுமதி பெற்ற லாரியில் இரண்டு ஓட்டுநர் இருத்தல் வேண்டும் என்ற விதியும் 2018-இல் நீக்கப்பட்டது.

ஆக, ஓய்வு கொள்ள வேண்டிய நேரத்தைச் சட்டம் சொல்லிற்று. ஓய்வு கொள்ளும் இடத்தையும் மாற்று ஆளையும் பலருக்குத் தரவில்லை. நடைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவர், இடையில் உறங்கினால் தம் வருவாயைத் தாமே குறைத்துக்கொள்கிறார். அவர் உறங்காமல் ஓட்டுவதைப் பேராசை என்று பழிப்பது முறையாகுமா?

நம் முன்னோர் வழிப்போக்கனின் ஊரையோ பேரையோ கேளாமல் சுமைதாங்கி நட்டனர். இன்றைய நெடுஞ்சாலைக்கும் அதுவே தேவை: லாரியை அச்சமின்றி நிறுத்த ஓரிடம், படுக்க ஒரு கட்டில், உறங்கிய நேரத்திற்குக் குறையாத கூலி. அடுத்த முறை தமிழெழுத்துத் தாங்கிய லாரியைக் காணும்பொழுது, ஊரை விசாரித்த பின், “உறங்கினீர்களா, அண்ணே?” என்றும் கேட்போமாக.