ஆரையும் நித்தியகல்யாணியும்

காரைக்கால் வயலோரத்தில் நாம் பறிக்கும் ஆரைக்கீரை. சுடுகாட்டுப் பூ என்று தலையில் சூடாமல் ஒதுக்கும் நித்தியகல்யாணி. இந்த இரண்டு செடிகளும் கல்கத்தாவில் ஒரு பெண்ணின் ஆய்வுக்கூடத்துக்குப் போயின.

அசீமா சட்டர்ஜி (1917–2006), 1944இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. பட்டம் பெற்ற வேதியியலாளர். இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில் அப்பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். ஆரை இனச் செடி ஒன்றையும் சடாமாஞ்சிலையும் கொண்டு அவர் உருவாக்கிய ஆயுஷ்-56, வலிப்பு நோய்க்கான மருந்து. நித்தியகல்யாணியின் ஆல்கலாய்டுகளையும் அவர் ஆராய்ந்தார்.

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் வின்கிறிஸ்டின் அந்தச் செடியிலிருந்து கிடைப்பதுதான். புற்றணுக்கள் பிரிந்து பெருகுவதை அது தடுக்கிறது. அதை அசீமாவே கண்டுபிடித்ததாகச் சிலர் எழுதுகிறார்கள். உண்மை அப்படியல்ல. அதன் உடன்பிறப்பான வின்பிளாஸ்டினை 1958இல் கனடாவில் நோபிளும் பீரும் பிரித்தெடுத்தார்கள்; வின்கிறிஸ்டின் அமெரிக்காவின் எலி லில்லி ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது.

செய்யாததை ஒரு பெண்ணின் பெயரில் ஏற்றினால், அவர் செய்ததையும் பிறர் சந்தேகிக்க நாமே வழிவிடுகிறோம். அசீமாவுக்கு அது தேவையே இல்லை. 1961இல் வேதியியலுக்கான பட்நாகர் விருது, 1975இல் இந்திய அறிவியல் மாநாட்டின் தலைமை. இரண்டையும் பெற்ற முதல் பெண் அவர். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்வோம், ஆரைக்கீரை ஆயும்போதே.