சம்பளம் பேசும் முன் ஏ.ஐ.யிடம் என்ன கேட்கலாம்?

வளைகுடாவிலிருந்து ஒரு ஆஃபர் லெட்டர் வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "மாசம் எவ்வளவு?" என்பதுதான். மொத்தத் தொகையைப் பார்த்து மகிழ்ந்து, இரண்டே நாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறோம். பல வருடம் கழித்துக் கணக்கு முடித்து ஊர் திரும்பும்போதுதான், அன்று பேசாமல் விட்டதன் நஷ்டம் தெரிகிறது.

சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற ஏ.ஐ. உதவியாளர்கள் இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசியிலேயே இருக்கின்றன. தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்கின்றன. சம்பளம் பேசுவதற்குத் தயாராக இவற்றை எப்படிப் பயன்படுத்தலாம்? ஐக்கிய அரபு அமீரக வேலை ஒன்றை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

கடிதத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

முதலில் உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், நிறுவனத்தின் பெயர் ஆகியவற்றை நீக்கிவிடுங்கள். மீதியை மட்டும் கொடுத்து இப்படிக் கேளுங்கள்: "இதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படிகள் எவ்வளவு? தங்குமிடம், விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு, விடுமுறை, தகுதிகாண் காலம் பற்றி என்ன எழுதியிருக்கிறது? எது எழுதப்படவில்லை?" இந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். எழுதாமல் விடப்பட்டதைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கும்.

கணக்குப் போடுங்கள்

அமீரகத்தின் இப்போதைய தொழிலாளர் சட்டம் 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி, முழுநேர வேலையில் ஓராண்டை நிறைவு செய்த வெளிநாட்டுத் தொழிலாளிக்குப் பணிக்கொடை உண்டு. முதல் ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்குப் பிறகு ஆண்டுக்கு 30 நாள் சம்பளம். இது அடிப்படைச் சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படும். படிகள் இதில் சேராது.

இருவருக்கு மாதம் 5,000 திர்ஹம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் 2,000, மற்றவருக்கு 3,500. மாதத்தை 30 நாளாகக் கொண்டால், ஐந்தாண்டு முடிவில் முதலாமவருக்கு 7,000 திர்ஹம், இரண்டாமவருக்கு 12,250 திர்ஹம் கிடைக்கும். மாதச் சம்பளம் ஒன்றுதான். வித்தியாசமோ 5,250 திர்ஹம். ஓவர்டைம் கூலியும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். ஆகவே, "மொத்தத்தைக் கூட்ட முடியாவிட்டால், அடிப்படையையாவது கூட்டித் தாருங்கள்" என்று கேட்பதில் நல்ல பொருள் இருக்கிறது.

பேசிப் பழகுங்கள்

"நீ அந்த நிறுவனத்தின் ஹெச்.ஆர். அதிகாரி. நான் அடிப்படைச் சம்பளத்தைக் கூட்டிக் கேட்கிறேன். எளிதில் ஒப்புக்கொள்ளாதே. ஆங்கிலத்தில் பேசு. முடிந்ததும் என் தவறுகளைத் தமிழில் சொல்" என்று கேட்டால், ஏ.ஐ. அப்படியே செய்யும். முதல் தடவை நாக்குத் தடுமாறும். நான்காவது தடவை வார்த்தை தானாக வரும். வீட்டில் ஆங்கிலம் பேச ஆளில்லாத பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. அனுப்ப வேண்டிய மின்னஞ்சலையும் எழுதித் தரச் சொல்லலாம். ஆனால் உங்களிடம் இல்லாத அனுபவத்தையோ, வராத இன்னொரு ஆஃபரையோ அது சேர்த்திருந்தால் எடுத்துவிடுங்கள். பொய் சொல்லி வாங்கும் சம்பளம் வேண்டாம். விசாரித்தால் வேலையும் போய்விடும்.

எதில் எச்சரிக்கை வேண்டும்?

ஏ.ஐ. தெரியாததையும் தெரிந்தது போலவே சொல்லும். "துபாயில் இந்த வேலைக்கு இவ்வளவு சம்பளம்" என்று அது தரும் தொகையை அப்படியே நம்ப வேண்டாம். அதே வேலையில் அங்கிருக்கும் மச்சானிடமோ ஊர்க்காரரிடமோ கேட்டுச் சரிபாருங்கள். சட்ட விவரங்களை அமீரக மனிதவள அமைச்சகத்தின் இணையதளத்தில் பாருங்கள். துபாயின் டி.ஐ.எஃப்.சி., அபுதாபியின் ஏ.டி.ஜி.எம். ஆகிய நிதி மண்டலங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. வீட்டு வேலையாட்களுக்கும் தனிச் சட்டம். சவூதி, கத்தார் விதிகளும் வேறு. எனவே கேட்கும்போதே நாட்டையும் வேலையையும் குறிப்பிடுங்கள்.

ஆள் சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்பது அமீரகச் சட்டம். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமும் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். விசாவுக்கு லட்சங்கள் கேட்டு, உம்மாவின் நகையை அடகு வைக்கச் சொன்னால், அங்கே சம்பளம் பேச எதுவும் இல்லை, விலகிவிடுவதே நல்லது.

கணக்குப் போடவும் பேசிப் பழகவும் ஏ.ஐ. உதவும். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து நாம்தான் முடிவு செய்ய வேண்டும். ஒத்துக்கொண்டது எதுவாக இருந்தாலும் ஒப்பந்தத்தில் எழுத்தில் வந்த பிறகே கையெழுத்திடுங்கள்.