கடும் உணவு ஒவ்வாமையுள்ள குழந்தை வளர்ப்பு

கடும் உணவு ஒவ்வாமை என்பது, பிறருக்குத் தீங்கு செய்யாத உணவுப் புரதத்தை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு பகையாகக் கொண்டு, உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்கு எதிர்வினை காட்டும் நிலை. பால், முட்டை, நிலக்கடலை, முந்திரி, பாதாம், மீன், இறால், நண்டு, கோதுமை, சோயா, எள் ஆகியவை குழந்தைகளிடம் இதை அதிகம் தூண்டுகின்றன. பாலிலுள்ள சர்க்கரை செரிக்காமல் வயிறு உப்புவது ஒவ்வாமை ஆகாது. அது தொல்லை தரும், உயிரை எடுக்காது.

காரணம்

ஒவ்வாமையுள்ள குழந்தையின் உடல், குறிப்பிட்ட புரதத்துக்கு எதிராக ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்திருக்கும். அதே புரதம் மறுபடி உள்ளே போனதும் ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருள்கள் பெருமளவில் வெளிப்படுகின்றன. தோல் தடிக்கிறது, மூச்சுக்குழல் சுருங்குகிறது, இரத்த அழுத்தம் சரிகிறது. இந்நிலையே அனாபைலக்சிஸ். கடற்சாமந்தியின் நஞ்சை ஒருமுறை ஏற்றிய நாய்க்குச் சில வாரம் கழித்து மிகச் சிறிதளவே மறுபடி ஏற்றியபோது அது சிறிது நேரத்திலேயே இறந்ததைக் கண்டு, 1902இல் சார்ல் ரிஷே, பால் போர்ட்டியே ஆகிய பிரெஞ்சு அறிவியலாளர்கள் இதை விவரித்தனர். இதற்காக 1913இல் ரிஷே நோபல் பரிசு பெற்றார்.

கண்டறிதல்

எதை உண்டபின், எவ்வளவு நேரத்தில், என்ன நேர்ந்தது என்ற விவரமே முதல் சான்று. அதற்குத் தோல் குத்துச் சோதனையும் ஐஜிஇ இரத்தச் சோதனையும் வலுச் சேர்க்கின்றன. சோதனையில் எதிர்ப்பொருள் தென்பட்டாலே ஒவ்வாமை என்று கொள்ள முடியாது. எதிர்ப்பொருள் இருந்தும் அந்த உணவைத் தொல்லையின்றி உண்ணும் குழந்தைகள் பலர். ஐயம் நீடித்தால் மருத்துவமனைக் கண்காணிப்பில் சிறிது சிறிதாக உண்ணக் கொடுத்துப் பார்ப்பதே இறுதிச் சோதனை. தேவையின்றிப் பல உணவுகளை நிறுத்துவது குழந்தையின் வளர்ச்சியைக் குன்றச் செய்யும்.

வீடு

நிலக்கடலைச் சட்னி அரைத்த மிக்சி ஜாரில் தேங்காய்ச் சட்னி அரைத்தால், பிளேடின் அடியில் ஒட்டியிருக்கும் மிச்சமே சில குழந்தைகளுக்குப் போதும். இறால் பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிப்பதும் அப்படியே. ஆகவே ஜார், கரண்டி, வாணலி ஆகியவற்றைத் தனியே வைப்பது நல்லது. கையில் ஒட்டிய கடலைப் புரதத்தைச் சானிடைசர் அகற்றாது; சோப்பும் தண்ணீரும் வேண்டும். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் புரதம் தங்கியிருக்கக்கூடும். பொங்கல், கேசரி, குருமாவில் முந்திரி, புளியோதரையில் நிலக்கடலையும் எள்ளும், இனிப்புகளில் பாலும் நெய்யும் இருப்பது வழக்கம்.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிகள் பால், முட்டை, மீன், நிலக்கடலை, கொட்டைகள், சோயா உள்ளிட்ட ஒவ்வாமைப் பொருள்களைப் பொட்டலத்தில் தனியே அறிவிக்கச் சொல்கின்றன. அப்பட்டியலில் எள் இல்லை. அமெரிக்காவில் 2023 முதல் எள்ளையும் அறிவிக்க வேண்டும். பேக்கரியிலும் மிட்டாய்க்கடையிலும் நிறுத்து விற்கும் பண்டங்களுக்கு லேபிளே இராது. அவற்றைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

பள்ளியும் உறவினரும்

“ஒரு வாய் தின்றால் ஒன்றும் ஆகாது” என்று பாசத்தோடு ஊட்டும் பாட்டியும், பிறந்தநாள் சாக்லேட் நீட்டும் வகுப்புத் தோழனும் பெற்றோர் பார்க்காத வேளையில்தான் கொடுக்கிறார்கள். எனவே தவிர்க்க வேண்டிய உணவு, ஆபத்தின் அறிகுறி, செய்ய வேண்டிய முதலுதவி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, மருத்துவர் கையொப்பத்துடன் வகுப்பாசிரியரிடம் கொடுக்க வேண்டும். முட்டை ஒவ்வாத குழந்தையைப் பற்றிச் சத்துணவு அமைப்பாளரிடமும் சொல்வது அவசியம். கனடாவின் ஒன்ராறியோ மாநிலத்தில் 2006இல் நடைமுறைக்கு வந்த சப்ரினா சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் இத்தகைய திட்டத்தைக் கட்டாயமாக்கியது. கேட்காமல் எதையும் வாங்கித் தின்னக் கூடாது என்று குழந்தைக்கும் சிறுவயதிலேயே பழக்கலாம். அதே சமயம், கேலியும் ஒதுக்கலும் நேராமல் பார்ப்பது ஆசிரியர் பொறுப்பு.

அவசரச் சிகிச்சை

உடலெங்கும் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், குரல் கம்மல், இளைப்பு, திரும்பத் திரும்ப வாந்தி, துவண்டு விழுதல் ஆகியவை எச்சரிக்கைகள். இவற்றைக் காணாக்கடி என்று எண்ணி நேரத்தைக் கடத்தக் கூடாது. முதல் மருந்து அட்ரினலின் ஒன்றே. உடல் எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வீதம் தொடையின் வெளிப்புறத் தசையில் ஊசியாகப் போட வேண்டும். உடனே 108 ஆம்புலன்ஸையும் அழைக்க வேண்டும். அலர்ஜி மாத்திரை அரிப்பைத் தணிக்கும். மூச்சடைப்பையும் இரத்த அழுத்தச் சரிவையும் தடுக்காது. குழந்தையைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்த வேண்டும். மூச்சு திணறினால் உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க விடக் கூடாது. தணியாவிட்டால் 5 நிமிடம் கழித்து இரண்டாவது ஊசி போடலாம். தெளிந்த பின்னும் அறிகுறிகள் திரும்பக்கூடும் என்பதால், மருத்துவமனையில் சில மணி நேரம் இருக்க வேண்டும். வெளிநாடுகளில் பெற்றோர் கையில் வைத்திருக்கும் தானியங்கி ஊசி இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை. மருத்துவரிடம் கேட்டு, அட்ரினலின் ஆம்பியூலையும் சிரிஞ்சையும் கையாளப் பயிற்சி பெறுவதே இங்குள்ள வழி.

தடுப்பும் எதிர்காலமும்

ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிகுந்த குழந்தைகளுக்கு நிலக்கடலையை மூன்று வயதுவரை தள்ளிப்போடும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2000இல் அறிவுறுத்தியது. 2008இல் அந்த அறிவுரை கைவிடப்பட்டது. ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிகுந்த 640 குழந்தைகளை லண்டனில் ஆராய்ந்து 2015இல் வெளியான லீப் ஆய்வு, முதல் ஆண்டிலேயே கடலை உணவைத் தொடங்கியவர்களிடம் ஒவ்வாமை சுமார் 80 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. ஆனால் இது ஒவ்வாமை வராமல் தடுக்கும் வழி. வந்துவிட்ட ஒவ்வாமைக்கு மருந்து அன்று. முழுக்கடலை தொண்டையில் அடைக்கும் என்பதால், குழைத்த வடிவில்தான் கொடுக்க வேண்டும்.

பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலும் வளர வளர நீங்கும். நிலக்கடலை ஒவ்வாமை ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கே நீங்குகிறது. கடலைப் புரதத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்துத் தாங்கும் அளவை உயர்த்தும் மருந்துக்கு அமெரிக்கா 2020இல் ஒப்புதல் அளித்தது. ஒமாலிசுமாப் என்னும் ஊசி மருந்துக்கு அங்கே 2024இல் ஒப்புதல் கிடைத்தது. இரண்டும் தற்செயலாக உள்ளே போகும் சிறு அளவிலிருந்து காக்குமேயன்றி, விரும்பியதை உண்ண உரிமம் தராது. ஒவ்வாமை நீங்கிவிட்டதா என்பதை மருத்துவமனையில்தான் அறிய வேண்டும். வீட்டில் ஒரு வாய் கொடுத்துப் பார்ப்பது எந்த நிலையிலும் ஏற்கத்தக்கதன்று.